ஒன்பது மாதமாய் ஒரே நாவல்

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 46. அலுவலகம், வீடு, ஒன்பதாம் வகுப்பு மகன், நான்காம் வகுப்பு மகள், கணவர், மாமியார் என்று நாள் ஓடுகிறது. கல்யாணத்துக்கு முன் மாதம் நாலு புத்தகம் முடிப்பேன். இப்போது இரவு பத்தரைக்குப் படுக்கையில் புத்தகத்தைத் திறந்தால் இரண்டாவது பக்கத்திலேயே எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்ப்பேன். அதற்குள் தூக்கம் வந்துவிடும். ஒரே நாவலை ஒன்பது மாதமாக வைத்திருக்கிறேன், பாதி தாண்டவில்லை. பகலில் அதைச் சமையலறை அலமாரியில் வைத்திருந்து, அடுப்பில் ஏதாவது வேகிற நேரத்தில் அரைப் பக்கம் படிப்பேன். யாராவது வந்தால் சட்டென்று மூடிவிடுவேன். யாரும் ஒரு வார்த்தை திட்டியதில்லை, ஆனாலும் மூடிவிடுகிறேன். ஹாலில் கண்ணாடி அலமாரி நிறைய 200 புத்தகம் பூட்டிக் கிடக்கிறது. "இருக்கிறதையே படிக்கக் காணோம், இன்னும் எதுக்கு வாங்கறே?" என்கிறார் கணவர். மாமியாரும் ஒரு காலத்தில் நிறையப் படித்தவர். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருக்கிறார். அவருக்குப் பார்வை மங்கி மூன்று வருடமாகிறது. மகன் ஃபோனைத் தவிர எதையும் தொடுவதில்லை. வாசிப்பு என்னை விட்டுப் போய்விட்டதா? புத்தகங்களை யாருக்காவது கொடுத்துவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பெரிய கேள்வியெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன். 'கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்ப்பேன்.' வயது 46 என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இதற்குத் தமிழில் ஒரு பழைய பெயர் உண்டு: வெள்ளெழுத்து. சாளேசுரம் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். வாசிப்பு உங்களை விட்டுப் போனதா என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் எழுத்து உங்கள் கண்ணை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது.

நான் 31 வருடம் பொது நூலகத்தில் வேலை பார்த்தவள். புத்தகம் வழங்கும் மேசையில் உட்கார்ந்திருந்தால் யாருக்கு நாற்பது தாண்டிவிட்டது என்பது கண் மருத்துவருக்கு முன்னால் நமக்குத் தெரிந்துவிடும். அடுக்கிலிருந்து புத்தகத்தை எடுப்பார்கள். பின்னட்டையைப் படிக்கப் பார்ப்பார்கள். கை மெல்ல நீளும், தலை பின்னுக்குப் போகும், கடைசியில் புத்தகம் எடுத்த இடத்துக்கே திரும்பிவிடும். வாரம் இரண்டு நாவல் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், ஒரு வருடம் போல வெறுங்கையோடு வந்து வெறுங்கையோடு போனார். கேட்டால், "இப்பல்லாம் எவன் நல்லா எழுதறான்?" என்பார். ஒரு நாள் மூக்கில் புதுக் கண்ணாடியோடு வந்தார். அன்றைக்கு நாலு புத்தகம். எழுத்தாளர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் திருந்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வாய் திறக்கவில்லை.

விஷயம் இதுதான். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தன்னைத் திரட்டி உப்பிக்கொள்ள வேண்டும். வயது ஏற ஏற அது இறுகிப்போகும். பத்து வயதில் 10 சென்டிமீட்டருக்குள் வைத்தாலும் தெளிவாகத் தெரிகிற எழுத்து, 45 வயது வாக்கில் 25, 30 சென்டிமீட்டர் தள்ளிப் போனால்தான் தெளியும். இது நோயில்லை, எல்லாருக்கும் வருவது. இரவில், மங்கிய விளக்கில், நாள் முழுக்கக் கணினியைப் பார்த்த கண்ணுக்கு இன்னும் சிரமம். கண் மல்லுக்கட்டி ஓய்ந்துபோகிறது. நாமோ 'தூக்கம் வருது' என்கிறோம், 'கதை இழுக்கலை' என்கிறோம், உங்களைப் போல 'வாசிப்பே போய்விட்டது' என்று அழாத குறையாகக் கடிதம் எழுதுகிறோம்.

1306ஆம் ஆண்டு ஃப்ளாரன்ஸ் நகரில் ஒரு பாதிரியார் பிரசங்கம் செய்யும்போது, மூக்குக்கண்ணாடி செய்யும் கலை கண்டுபிடிக்கப்பட்டு இன்னும் இருபது வருடம்கூட ஆகவில்லை என்று அதிசயப்பட்டுச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் வாழ்ந்த எத்தனை பேர் நாற்பத்தைந்து வயதில் ஏட்டை மூடி வைத்தார்களோ! உங்களுக்கு அந்தத் தலையெழுத்து இல்லை.

ஆகவே முதல் வேலை கண் மருத்துவர். கணவரின் கண்ணாடியைப் போட்டுப் பார்ப்பது, கடையில் தொங்குவதில் ஒன்றை எடுத்து வருவது எல்லாம் அவசரத்துக்குச் சரி. ஆனால் நாற்பதுக்கு மேல் கண்ணின் அழுத்தத்தையும் விழித்திரையையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். கண் அழுத்த நோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் எந்த அடையாளமும் காட்டாது. மாமியாரையும் கூடவே அழைத்துப் போங்கள். பார்வை மங்கி மூன்று வருடம் என்கிறீர்கள், ஏன் என்று எழுதவில்லை. கண்புரையாக இருந்தால் அறுவை சிகிச்சையில் சரியாகக்கூடியது. வயதானால் அப்படித்தான் என்று அவரே முடிவு கட்டி உட்கார்ந்திருக்கவும் கூடும். இன்னொன்று, படுத்துக்கொண்டு படிக்கிற பழக்கம் இருந்தால் படிப்பதற்கென்று தனிக் கண்ணாடியாகக் கேளுங்கள். இரட்டைப் பார்வைக் கண்ணாடியில் படிக்கிற பாகம் கீழே இருக்கும். தலையணையில் சாய்ந்தபடி அதன் வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்து போய்விடும். சொந்த அனுபவம்.

கண்ணாடி வந்தாலும் தீராத ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. யாரும் திட்டவில்லை, ஆனாலும் மூடிவிடுகிறேன் என்கிறீர்களே, அது.

எனக்கு அது புரிகிறது. மகன் பிறந்த பிறகு ஆறு வருடம் நான் ஒரு புத்தகத்தைக்கூட முழுதாக முடிக்கவில்லை. யாரும் நம்ப மாட்டார்கள். நூலகர் என்றால் நாளெல்லாம் உட்கார்ந்து படிப்பார் என்று நினைப்பு. நாங்கள் படிப்பது புத்தக முதுகில் ஒட்டிய எண்ணையும் தவணைத் தேதியையும்தான். வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுத்தால், கை சும்மா இருப்பது போல ஒரு கூச்சம். துணி மடித்துக்கொண்டிருந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள், அது வேலை. புத்தகத்தோடு உட்கார்ந்தால் துண்டு எங்கே, சார்ஜர் எங்கே, கதவைத் தட்டுவது யார் என்று எல்லாக் கேள்வியும் நம்மிடம் வரும். படிக்கிறவள் 'சும்மா இருக்கிறவள்' என்று வீட்டுக்கு ஒரு கணக்கு. அந்தக் கணக்கை வீட்டுக்குச் சொல்லிக்கொடுத்தது பாதி நாம்தான். ஒவ்வொரு முறையும் சட்டென்று மூடிக் காட்டினால் மற்றவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

பழங்காலக் கிறித்தவ அறிஞரான புனித அகஸ்டின் தன் இளமைக்கால நினைவாக ஒன்றை எழுதியிருக்கிறார். 384ஆம் ஆண்டு அவர் மிலான் நகருக்குப் போனார். அங்கே ஆயராக, அதாவது பிஷப்பாக இருந்தவர் அம்ப்ரோஸ். ஓயாத ஜனக்கூட்டம், ஓயாத வழக்கு வம்பு. இடையில் கிடைக்கும் சிறு பொழுதில் அம்ப்ரோஸ் வாய் அசையாமல் படித்துக்கொண்டிருப்பாராம். வாயிற்கதவு திறந்தேதான் இருக்கும், யாருக்கும் தடையில்லை. ஆனால் உள்ளே வந்தவர்கள் அவர் படிப்பதைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்து எழுந்து போய்விடுவார்களாம். அவர் கதவைச் சாத்திக்கொள்ளவும் இல்லை, புத்தகத்தை ஒளித்து வைக்கவும் இல்லை. (ஆயருக்குச் சமையல் வேலை இல்லையே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயம்தான்.)

எனவே சமையலறை அலமாரியிலிருந்து அந்த நாவலை வெளியே கொண்டுவாருங்கள். ஹாலில் ஒரு நாற்காலி, எல்லாரும் பார்க்கிற இடத்தில். அலுவலகத்திலிருந்து வந்து முகம் கழுவியதும், அடுத்த வேலையில் கை வைப்பதற்கு முன் 15 நிமிடம். இரவு பத்தரை வேண்டாம். மற்ற எல்லாருக்கும் பங்கு வைத்து மிஞ்சிய உடம்பை வாசிப்புக்குக் கொடுத்துவிட்டு, அது ஓடவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். வீட்டில் ஒரு முறை சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள்: இந்த நேரத்தில் நான் படிக்கப் போகிறேன். விளக்கம் வேண்டாம், மன்னிப்பு வேண்டவே வேண்டாம். முதல் வாரம் நாலு பேரும் கூப்பிடுவார்கள். "இந்தப் பக்கம் முடியட்டும், வரேன்" என்று தலை நிமிராமல் சொல்லுங்கள். முடித்துவிட்டுப் போகவும் செய்யுங்கள். இரண்டாவது வாரம் துண்டு எங்கே இருக்கிறது என்று அவர்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள்.

15 நிமிடத்தில் நிதானமாகப் படித்தாலும் ஆறு பக்கம் போகும். 300 பக்க நாவல் 50 நாளில் முடிந்துவிடும்.

அடுப்படியில் படிப்பது கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு காது குக்கரில் இருக்கும்போது நாவல் ஓடாது. நாவலுக்கு ஓட்டம் வேண்டும். அரைப் பக்கம் படித்து மூடினால், அடுத்த நாள் அந்தக் கதிரேசன் யார், மாமனா சித்தப்பாவா என்று பத்துப் பக்கம் பின்னால் போக வேண்டியிருக்கும். ஒன்பது மாதம் ஆனதன் ரகசியம் அதில்தான் இருக்கிறது. நீங்கள் அந்தப் பாதியை மூன்று தடவையாவது படித்திருப்பீர்கள்! அடுப்படிக்குக் கவிதை, கடிதங்கள், ஒன்றரைப் பக்கக் கட்டுரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாவல் நாற்காலிக்கு. நாவலுக்குள் ஒரு துண்டுத் தாளைச் செருகி, ஒவ்வொரு ஆளும் வரும்போது பெயரையும் உறவையும் ஒரு வரி எழுதி வையுங்கள். பக்க அடையாளத்துக்கும் அதுவே ஆயிற்று.

அந்தக் குறிப்பிட்ட நாவலைப் பற்றி ஒரு சந்தேகம். கண்ணாடி போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று நாள் படித்தும் இழுக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பாதியில் விட்டால் பாவம் ஒன்றும் இல்லை. நூலகத்தில் திரும்பி வரும் புத்தகங்களைப் பார்த்தாலே தெரியும், முதல் நாற்பது பக்கம் அழுக்கேறி மீதி புத்தம் புதிதாக இருக்கும். பாதியில் விட்டவர்கள் அடுத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் போனார்கள். முடித்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள்தான் நூலகத்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். இருபது வயதில் உங்களைத் தூங்கவிடாமல் செய்த ஒரு மெலிந்த புத்தகம் அந்த அலமாரியில் நிச்சயம் இருக்கும். அதில் தொடங்குங்கள்.

இனி அலமாரி. உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி என்பேன்.

எங்கள் துறையில் எல்லாரும் முதலில் படிப்பது நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளை. முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே. இதையெல்லாம் ஒரு விதி என்று எழுதி வைக்க வேண்டுமா என்று பயிற்சி வகுப்பில் நான் சிரித்திருக்கிறேன். ஆனால் ஒரு காலத்தில் ஐரோப்பாவில் புத்தகத்தைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு தேவாலயத்தில் அந்தச் சங்கிலிகளோடு அப்படியொரு நூலகம் இன்றும் இருக்கிறது. சங்கிலி போட்ட புத்தகத்தையாவது அந்த இடத்திலேயே திறந்து படிக்கலாம். நீங்கள் பூட்டே போட்டிருக்கிறீர்கள்.

எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டாம். ஒரு விடுமுறை நாளில் 200ஐயும் தரையில் இறக்குங்கள். கணவரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். 'எதுக்கு வாங்கறே' என்று கேட்கிறவருக்கு என்ன இருக்கிறது என்று ஒரு முறை தெரிந்தால் நல்லது. கையில் எடுத்ததும் திறக்கத் தோன்றுகிற புத்தகம் ஒரு பக்கம். யாரோ கொடுத்தது, பரிசு வந்தது, பேரைப் பார்த்து வாங்கியது, இனி தொடப்போவதில்லை என்று மனசுக்குத் தெரிந்தது இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது குவியலைத் தயங்காமல் கொடுத்துவிடுங்கள். பெரிய நூலகங்களே வருடா வருடம் கழிக்கின்றன. முடிவு எடுக்க முடியாதவற்றை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு மேலே தேதி எழுதுங்கள். ஒரு வருடத்தில் அந்தப் பெட்டியை யாரும் திறக்கவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது.

மிச்சத்தைத் திரும்ப அடுக்கும்போது இரண்டு சங்கதி. அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் இரண்டு விரல் இடம் விடுங்கள். இருட்டு, ஈரம், அசையாத காற்று மூன்றும் சேர்ந்தால் இராமபாணப் பூச்சிக்குக் கொண்டாட்டம். பைண்டிங் பசையும் காகிதத்தின் மேல்பூச்சும் அதற்குச் சாப்பாடு. ஆட்கள் அடிக்கடி எடுத்துப் புரட்டுகிற புத்தகத்தில் அது நிம்மதியாகக் குடியிருக்க முடியாது. அடுத்தது, நெருக்கித் திணிக்காதீர்கள். திணித்தால் புத்தக முதுகின் தலைமாட்டில் விரலை விட்டு இழுக்க வேண்டி வரும், நாலு தடவையில் முதுகு கிழிந்துவிடும். வேண்டிய புத்தகத்தின் இரு பக்கமும் இருப்பதைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, நடுமுதுகைப் பிடித்து எடுக்க வேண்டும். மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைகள் இந்த மாதிரி 'சரியான முறை'களை விடாப்பிடியாகக் கடைப்பிடிப்பார்கள், உங்களையும் திருத்துவார்கள்.

மாமியாரின் பைண்டு புத்தகங்களை மட்டும் எந்தக் குவியலிலும் சேர்க்காதீர்கள். வாரப் பத்திரிகைக் காகிதம் மலிவான மரக்கூழில் செய்தது. வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுத்து, ஓரம் நொறுங்கிக்கொண்டே இருக்கும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். நாளாக ஆக அது மஞ்சளாகி, பசை காகிதத்துக்குள் இறங்கிவிடும். வெயில் படாமல் படுக்கை வாட்டில் வையுங்கள். இவற்றை வைத்து என்ன செய்வது? வாசித்துக் காட்டுவதுதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாரத்து அத்தியாயம். அந்தக் காலத்துத் தொடர்கதை வாரா வாரம் முடிச்சுப் போட்டு நிறுத்தும்படி எழுதப்பட்டது, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு அளவெடுத்தது போல இருக்கும். மகள் கூப்பிடாமலே வந்து உட்கார்வாள் என்று நினைக்கிறேன். நீங்கள் இத்தனை நாளும் தனியாகப் படிக்க நேரம் தேடினீர்கள். உங்கள் வீட்டில் இன்னொரு பழைய வாசகி மூன்று வருடமாகப் படிக்க ஆள் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

மகனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 'படிடா, படிடா' என்றால் பதினான்கு வயதில் யாரும் படித்ததில்லை. புத்தகத்தை ஃபோனுக்குத் தண்டனையாக நீட்டினால் இரண்டின் மேலும் வெறுப்புதான் மிஞ்சும். அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். பாட்டியின் பைண்டு பக்கங்களை ஃபோனில் ஒவ்வொன்றாகப் படம் எடுக்கச் சொல்லுங்கள். காகிதம் நொறுங்கினாலும் கதை மிஞ்சும். ஓரளவு பார்வை இருந்தால் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும்போது பாட்டியே சில வரிகளைப் படிக்கவும் கூடும். படம் எடுக்கிறவன் நடுவில் இரண்டு வரி படிப்பானா, மாட்டானா என்பது அவன் பாடு. கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

கண்ணாடி வந்ததும் அலமாரிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிடுங்கள். வாசித்துக் காட்டும்போது கண்ணாடியைப் போட்டுக்கொள்ள மறக்க வேண்டாம். எழுத்து தெரியாமல் ஒரு வரியைத் தாண்டினீர்களானால் உங்கள் மாமியார் உடனே கண்டுபிடித்துவிடுவார். அந்தக் கதையை வாரா வாரம் காத்திருந்து படித்தவர் அவர்.